கட்டையைத் தூக்குமுன் நாதாங்கியைப் பாருங்கள்: எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் திருட்டுப் பயம் வந்ததும் கூட்டம் போட்டு இரண்டு முடிவு எடுத்தீர்கள்: தெருமுனையில் கேமரா, வீட்டுக்கு ஓர் ஆள் கட்டையோடு ராத்திரி ரோந்து. கேமரா சரி, வையுங்கள். அது படம் பிடிக்கும், கதவைப் பிடிக்காது.

நம் வீடுகளில் வாசல் பக்கம் தேக்குக் கதவு, கிரில் கேட். பின்பக்கம் போய்ப் பாருங்கள். நாதாங்கியைத் தாங்குவது முக்கால் அங்குலத் திருகாணி நான்கு. இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் ஆணியோடு பிய்த்துக்கொண்டு வரும். ஏழு லீவர் பூட்டு அப்படியே பூட்டியபடி தொங்கும். கதவு நிலைக்குள் இறங்கும் மூன்று அங்குலத் திருகாணியும், உள்ளே குறுக்கே போட ஓர் இரும்புப் பட்டையும் போதும். இரும்பாலை இருக்கிற ஊரில் இதற்கா பஞ்சம்? மொட்டைமாடித் தகரக் கதவையும் மறக்க வேண்டாம்.

ரோந்துதான் எனக்கு உதறல். ஜங்ஷனில் ராத்திரி ரயிலுக்கு இறங்கி வருபவர்கள், தறி ஷிப்ட் முடிந்தவர்கள், ஓட்டல் வேலை முடிந்து நடந்துவரும் வடமாநிலப் பையன்கள் என எல்லோரும் இந்த வழிதான். முதல் அடி யார் முதுகில் விழும் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா நமக்குத் தற்காப்பு உரிமை தருகிறது. இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்க 41ஆம் பிரிவு அதிகமாகவே இடம் கொடுக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தாக்கக்கூடாது என்கிறது 37. பிடித்துக் கம்பத்தில் கட்டியபின் அடிப்பது தற்காப்பில் சேராது. வழக்கு நம் மேல் பாயும்.

சத்தம் கேட்டால் வெளியே ஓடாதீர்கள். எல்லா விளக்கையும் போட்டு, சத்தம் போட்டு, 112ஐ அழையுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக்கு. வாட்ஸ்அப் குழுவை ராத்திரி எல்லோரும் சைலன்ட்டில் போட்டுவிடுகிறோம். தெருவுக்கு நான்கு வீட்டு எண்ணாவது மணி அடிக்கும்படி இருக்கட்டும். ஊருக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகலாம்.

இன்னொன்று. நம் குறுக்குத்தெரு ஒன்றிலாவது பெயர்ப்பலகை உண்டா? பகலிலேயே கூரியர் பையன் மூன்று முறை போன் செய்கிறான். இருட்டில் போலீஸ் ரோந்து வண்டி எப்படி வீட்டைக் கண்டுபிடிக்கும்? அடுத்த கூட்டத்தில் இதை முதலில் எடுங்கள். பெயிண்ட் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
மூன்றாம் குறுக்குத்தெருக்காரன்