போண்டாவுக்கு முட்டிவலி

மதுரை,
விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள்

அன்புள்ள மாப்ளே,

நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? கொய்யாக் கூடை வந்து சேர்ந்தது, நசுங்கினது நாலைந்துதான். பென்சன் அரியர் இன்னும் வரவில்லை, அதைப் பற்றிக் கேட்காதே. தடியன் மகனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. பெண் வீடு சோழவந்தான் என்றதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. கடிதத்தைத் தங்கச்சியும் படிப்பாள் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

விஷயம் வேறு. போண்டாவுக்கு உடம்பு சரியில்லை.

சிரிக்காதே. போன தடவை போனில் சொன்னபோது, "இந்த வயசுல எலிக்கு முட்டி அமுக்கிவிடுறியாடா" என்று கேட்டுச் சிரித்தாயே, அதற்குத்தான் இந்தத் தடவை போனை விட்டுவிட்டுக் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில், அது எலி இல்லை. கினி பிக். பன்றியும் இல்லை, கினி நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. ஆண்டிஸ் மலைக்காரன். அங்கே பெரு நாட்டில் இதை வளர்த்துப் பொரித்துத் தின்கிறார்கள். இதை உன் தங்கச்சியிடம் சொன்னேன், அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு மேசையில் மூடி வைக்கப்பட்டிருந்தது. பேத்தி பெங்களூர் போகும்போது அழுதுகொண்டே இவனையும் பஜ்ஜியையும் விட்டுவிட்டுப் போனாள். பஜ்ஜி போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த இனத்தைத் தனியாக வளர்க்கக் கூடாதென்று சுவிட்சர்லாந்தில் 2008-லிருந்து சட்டமே இருக்கிறது, தெரியுமா? இவனுக்கு இப்போது ஜோடி என்றால் உன் தங்கச்சிதான். சாயங்காலம் சீரியல் ஓடும்போது சோஃபாவில் பக்கத்தில் துண்டைப் போட்டு உட்கார வைத்துக்கொள்கிறாள். வந்த புதிதில் "இது வீட்டுக்குள்ள இருந்தா நான் இருக்கமாட்டேன்" என்றவள்.

இவர்களுக்கு ஆயுள் அஞ்சிலிருந்து எட்டு வருஷம். இவனுக்கு ஆறு ஆகப்போகிறது. ஆக நம் செட்டுதான்.

சித்திரையில் ஆரம்பித்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம், வீடு முழுக்க ஊரிலிருந்து வந்த ஜனம். ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் இவன் விசில் அடித்துக்கொண்டு ஓடி வருவான். அந்த வாரம் விசில் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. கூட்டத்துக்குப் பயந்திருக்கிறான் என்று நினைத்தோம். விருந்தாளிகள் போன பிறகும் அதே கதை. கொத்தமல்லியைக் கிட்டே கொண்டுபோனால் தின்றான். ரெண்டு முழம் தள்ளி வைத்தால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நகராததால் ஒன்றுக்குப் போன இடத்திலேயே கிடந்து அடிவயிற்று முடியெல்லாம் ஈரம். பின்கால் பாதம் சிவந்துவிட்டது.

வைத்தியத்துக்கு அலைந்த கதை தனி. முதலில் போன இடத்தில் கூடையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சார், நாய், மாடு, ஆடு, கோழி. இதெல்லாம் பாக்கிறதில்ல." வெளியே மருந்துக்கடைக்காரர் பரிதாபப்பட்டு, அமாக்சிசிலின் சிரப் கரைத்துக் கொடுங்கள், எல்லாவற்றுக்கும் கேட்கும் என்றார். நல்லவேளை வாங்கவில்லை. பென்சிலின் வகையறாவை வாய் வழியாகக் கொடுத்தால் இந்தப் பிராணியின் குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியா செத்துப்போய், கெட்டது பெருகி, சில நாளில் ஆளே போய்விடும். நமக்குச் சளிக்குத் தருகிற மருந்து இவனுக்கு விஷம்.

கடைசியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா கிடைத்தார். எக்ஸ்ரே எடுத்தார். முட்டியில் எலும்பு ஓரம் கரடுமுரடாக இருப்பதைக் காட்டினார். அது தேய்மானம், சரி. அப்புறம் பேனாவை மேலே கொண்டுபோய் நெஞ்சுக்கூட்டில் ஒரு வெள்ளை உருண்டையைச் சுற்றிக் காட்டினார். இதயம். இருக்க வேண்டியதைவிடப் பெரிசு. நுரையீரலில் லேசாக நீர். முட்டிவலிக்குப் போய் இதய நோய் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் வைத்து என்னையும் கேட்கச் சொன்னார். இவர்களுக்கு நல்ல ஆரோக்கியத்திலேயே நிமிஷத்துக்கு 230-லிருந்து 380 வரை துடிக்குமாம். எனக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

முட்டிவலி என்றதும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வைட்டமின் சி என்ன குடுக்கிறீங்க?" மாப்ளே, நம் கெமிஸ்ட்ரி லேபில் அயோடின் சொட்டுச் சொட்டாக விட்டு எலுமிச்சைச் சாற்றை அளந்தோமே, நீ அந்தச் சொட்டு விடுகிற கண்ணாடிக் குழாயை, பியூரெட்டை, உடைத்துவிட்டு என் பெயரைச் சொன்னாயே, அதே வைட்டமின் சி. ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் அதைத் தன் உடம்பிலேயே செய்துகொள்கின்றன. மனுஷனால் முடியாது, குரங்கால் முடியாது, போண்டாவால் முடியாது. கடைசிப் படியில் வேண்டிய ஒரு என்சைம் கிடையாது. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிஹ் என்று இரண்டு பேர், கப்பல்காரர்களுக்கு வரும் பெரிபெரியை ஆராய்வதற்காகக் கினி பிக்குகளுக்கு வெறும் தானியம் போட்டு வளர்த்தார்கள். பெரிபெரி வரவில்லை, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி வந்தது. அதுவரை மனுஷனுக்கு மட்டும்தான் ஸ்கர்வி வரும் என்று இருந்தார்கள். பின்னால் சென்ட்-ஜியார்ஜி என்ற ஹங்கேரி விஞ்ஞானி, தான் பிரித்தெடுத்த பொருள்தான் வைட்டமின் சி என்று உறுதிசெய்துகொண்டதும் கினி பிக்கை வைத்துத்தான். 1937-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. முப்பது வருஷம் ஸ்கர்வி பாடம் நடத்தினேன், இந்தப் பிராணியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் எலுமிச்சம்பழத்துக்கு இருந்த மரியாதை இவர்களுக்கு இல்லை.

ஸ்கர்வி வந்தாலும் மூட்டு வீங்கும், நகர மாட்டார்கள். அதனால்தான் அந்தக் கேள்வி. இவனுக்கு அது இல்லை, ஆனாலும் உடம்பு சரியில்லாதபோது தேவை கூடுமாம். தண்ணீரில் கலந்து வைத்தால் சத்து சீக்கிரம் வீணாகிவிடும் என்று சொட்டு மருந்தாக நேரே வாயில் விடச் சொன்னார். கூடவே குடைமிளகாய், நெல்லிக்காயில் ஒரு சீவல், உன் தோட்டத்துக் கொய்யாவில் விரல் கணு அளவு ஒரு துண்டு. பழத்தில் சர்க்கரை இருப்பதால் அதற்கு மேல் கிடையாது. மிச்சக் கூடையை நானும் உன் தங்கச்சியும் தீர்த்தோம்.

சாப்பாட்டில் முக்கால் பங்கு புல்தான். பல் நிற்காமல் வளர்கிற ஜாதி, புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய்க்க வேண்டும். உசிலம்பட்டி ஓரகத்தி வீட்டிலிருந்து ஆசையாகக் குதிரைமசால் கட்டு கொண்டுவந்தார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், மூத்திரப் பையில் கல் சேரும் என்று டாக்டரம்மா தடுத்துவிட்டார். அதனால் தினமும் அருகம்புல். பூக்கடை அக்காவிடம் மூன்று மாதமாக வாங்குகிறேன். அந்த அம்மாள் என்னைப் பெரிய பிள்ளையார் பக்தன் என்று நினைத்துக்கொண்டு, நேற்று சதுர்த்திக் கூட்டத்தில் எனக்கென்று ஒரு கட்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தது. கும்பிட்டு வாங்கி வந்தேன். என்ன சொல்வது?

இப்போது என் காலை நேரத்தைக் கேள். எழுந்ததும் சமையலறைத் தராசில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து இவனை நிறுப்பது. நல்லா இருந்த காலத்தில் 1,080 கிராம். இப்போது 900-க்குப் பக்கத்தில். அப்புறம் மருந்து. ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்ச். துண்டில் சுற்றி, முதுகை என் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, முன் பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது, அந்த வழியாகப் பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். ஒரு சொட்டு விட்டால் மெல்லுவான். மென்று முடித்த பிறகுதான் அடுத்த சொட்டு. இவர்களால் வாந்தி எடுக்க முடியாது. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். நாய்க்கு வருகிற இதய மருந்து பிமோபெண்டனைத் தூளாக்கிக் கரைத்தது கசக்கும்போல, மூக்கைச் சுளித்து என் பனியனில் துடைத்துக்கொள்வான். என் பனியன் எல்லாமே இப்போது அந்த நிறம்தான். மருந்துக்குப் பிறகு அடி கழுவித் துடைப்பது, துண்டு மாற்றுவது. ராத்திரி தூங்கும்போது கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுவது. வழக்கத்தைவிடக் கூடினால் நெஞ்சில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே டாக்டரம்மாவுக்கு போன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதால் தூங்குகிறானா முறைக்கிறானா என்பதே தெரியாது, நம் கணக்கு ஐயாவைப் போல.

அக்னி நட்சத்திரத்தை எப்படித் தாண்டினோம் என்பது மீனாட்சிக்குத்தான் வெளிச்சம். மலைக்காரனுக்கு 30 டிகிரியே அதிகம். நம் ஊரில் அது காலைக் காபி நேரத்து வெயில். கரண்ட் பராமரிப்பு நாளில் ஒன்பதிலிருந்து அஞ்சு வரை ஜன்னலில் ஈரச் சாக்கு, துணி சுற்றிய ஐஸ் பாட்டில், கீழே பழைய தரை ஓடு.

இனி எழுத உட்கார்ந்த காரணம்.

முட்டிக்குக் கொடுக்கிற மெலாக்சிகாம் வலியைக் குறைக்கும், ஆனால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தையும் குறைக்கும். நெஞ்சுக்குக் கொடுக்கிற லாசிக்ஸ் உடம்பு நீரை இழுத்து வெளியே தள்ளும். நீர் வற்றின உடம்பில் மெலாக்சிகாம் இறங்கினால் சிறுநீரகம் தாங்காது. ஆடி கடைசியில் மூச்சு கூடியது, லாசிக்ஸைக் கூட்டினார். கூட்டியதால் மெலாக்சிகாமைப் பாதியாக்கினார். மூச்சு அடங்கியது. ஆனால் இவன் எழுந்திருப்பதை நிறுத்திவிட்டான். பல்லை நறநறவென்று கடிப்பான், அது வலிக்கு அடையாளம். வலியில் புல்லைத் தொடவில்லை. புல் போகவில்லை என்றால் குடல் நின்றுவிடும், குடல் நின்றால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. புழுக்கை சின்னதாகி, அப்புறம் குறைந்தது. ஊறவைத்து அரைத்த தீனியை சிரிஞ்சில் ஊட்டினோம். வேறு வலி மருந்தும் கொடுத்துப் பார்த்தார், அதில் மயங்கியே கிடந்தான்.

போன வாரம் டாக்டரம்மா உட்காரவைத்துப் பேசினார். வலி மருந்தைப் பழைய அளவுக்கு ஏற்றினால் நடப்பான், தின்பான், ஆனால் சிறுநீரகம் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. ஏற்றாவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், இப்படிக் கிடந்தபடியே. ஊசி போட்டுத் தூங்க வைக்கிற பேச்சையும் மெதுவாக எடுத்தார். அப்போது உன் தங்கச்சி எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. நாள் குறையட்டும், இருக்கிற நாளில் வலி இல்லாமல் இருக்கட்டும் என்பதுதான் என் கணக்கு. உன் தங்கச்சிக்கு இதில் சம்மதம் இல்லை. "உங்களுக்குப் பார்க்கச் சகிக்கல, அதுக்காக அவன் ஆயுசைக் குறைச்சிட்டீங்க" என்றாள். அதில் பாதி உண்மை இருக்கிறது. இப்போது கீரையை நனைத்தே வைக்கிறோம், கொஞ்சம் நீர் கூடுதலாகப் போகட்டும் என்று. நேற்றுக் காலை ஃபிரிட்ஜைத் திறந்தேன். விசிலும் வந்தது, பின்னாலேயே நொண்டிக்கொண்டு ஆளும் வந்தான். உன் தங்கச்சி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

நீ என்ன செய்திருப்பாய்? நிஜமாகக் கேட்கிறேன், எழுது.

இன்னொன்று. லாசிக்ஸ் உனக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பஸ்ஸில் போகிற நாளில் அடிக்கடி இறங்க வேண்டியிருக்கிறது என்று நீ போடுவதில்லை. தங்கச்சி சொல்லிவிட்டாள். ஸ்டென்ட் வைத்த ஆள் நீ. கணுக்கால் வீங்குகிறது என்றும் சொன்னாள். மாப்ளே, அது செருப்புக் கடி இல்லை. உன்னைத் துண்டில் சுற்றிக் கடைவாயில் மருந்து விட எனக்குத் தெம்பில்லை. பஸ் நேரத்துக்குத் தகுந்த மாதிரி வேளையை மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேள், நீயாக நிறுத்தாதே. அடுத்த வாரம் தங்கச்சிக்கு போன் போட்டுக் கேட்பேன்.

தடியன் வீட்டுக் கல்யாணம் ஐப்பசியில். முந்தின நாளே வந்துவிடு. வரும்போது உன் தோட்டத்து வரப்பிலிருந்து அருகம்புல் ஒரு சாக்கு அறுத்துக்கொண்டு வா. பூச்சிமருந்து, களைக்கொல்லி அடிக்காத பக்கமாகப் பார்த்து அறு, கிணற்று மேட்டுப் பக்கம் என்றால் நல்லது. ஈரத்தோடு கட்டாதே, பூஞ்சை பிடித்துவிடும். நிழலில் ரெண்டு நாள் உலர்த்திக் கொண்டு வா. ஊறுகாய் ஜாடி ரெண்டும் உன் வீட்டில்தான் இருக்கிறதாம், உன் தங்கச்சி ஞாபகப்படுத்தச் சொன்னாள்.

அன்புடன்,
பியூரெட்டை உடைக்காதவன்