‘ஆழமாக மூச்சு இழு’ என்பது அரைகுறை அறிவுரை

ஆசிரியருக்கு,

மனப் பதற்றம் பற்றி எழுதுவோர் பலரும் ‘மூச்சை நன்றாக இழுத்துவிடுங்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் படபடப்பில் இருப்பவர் அதைக் கேட்டு நெஞ்சு விரிய வேகவேகமாக இழுத்தால் நிலைமை மோசமாகும். ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கும் உடலில் கரியமில வாயு இன்னும் குறையும்; மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும்; விரல்கள் மரத்துப்போகும். மாரடைப்போ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

இதயத் துடிப்பை நம்மைக் கேட்காமலே கூட்டிக் குறைப்பது தானியங்கி நரம்பு மண்டலம். பரிவு நரம்புகள் முடுக்கும். இணைப்பரிவு நரம்புகள் தணிக்கும். தணிப்பதில் பெரும்பங்கு, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்புக்கு. மூச்சை வெளிவிடும்போது அதன் பிடி இறுகி இதயம் சற்று நிதானிக்கும். இழுக்கும்போது பிடி தளரும். நாடியில் விரல் வைத்தால் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

எனவே மூக்கு வழியாக 4 விநாடி, வழக்கமான அளவுக்கே இழுத்தால் போதும். தோள் உயராமல் வயிறு எழ வேண்டும். பிறகு 6 விநாடி மெல்ல விட வேண்டும். நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம், தினமும் இருவேளை. திணறினால் 3-க்கு 4 என்று குறைத்துக்கொள்ளலாம். மனம் அமைதியாக இருக்கும்போதே சில வாரம் பழகியிருக்க வேண்டும். பதற்றத்தின் உச்சியில் முதன்முறையாக முயன்றுவிட்டு, ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று கைவிடுவோர்தான் அதிகம். நடுநடுவே ‘குறைந்ததா?’ என்று சோதித்துப் பார்ப்பதும் பதற்றத்தை அணையவிடாது.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் கூடும். அவர்களை வற்புறுத்தக் கூடாது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வு முறையை அடியொற்றி, கண்ணைத் திறந்தபடியே கைமுட்டியை 5 விநாடி இறுக்கி, 20 விநாடி தளரவிடலாம். அடுத்து தோள், தாடை, கால். வலிக்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து அச்சேற்றாதீர்கள். வந்திருப்பது ஆஸ்துமாவோ இதய நோயோ என்றால் அது உயிருக்கே ஆபத்து. நெஞ்சுவலியோடு முதல்முறை படபடப்பு வந்தால், பயிற்சியில் நேரம் போக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பும் ரத்தசோகையும்கூடப் படபடப்பாக வெளிப்படலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இனி இப்பொருள் பற்றிய கட்டுரைகளில் ‘இழுங்கள்’ என்பதோடு ‘மெதுவாக, நீளமாக விடுங்கள்’ என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மனநலத் துறை வாசகர்