பூதக்கண்ணாடிப் பாட்டிக்கும் மற்ற எல்லோருக்கும்

சின்னவன் வீட்டுக்கு வந்துவிட்டான். காலில் கட்டு, நெற்றியில் தையல். வாய் மட்டும் பழையபடி ஓயவே இல்லை. இதை எழுதும்போது பக்கத்து அறையில் அக்காவோடு ஏதோ சண்டை. அதட்ட மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

ஆற்றுப் பள்ளத்தாக்கில் அன்று மதியத்துக்கு மேல் சின்னவன் காணாமல் போய், அடிபட்டுக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். பலர் கூடவே இருந்தீர்கள், மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கயிற்றை விடாமல் பிடித்து நின்ற இளைஞர்களுக்கு நன்றி. பள்ளத்துக்குள் போனில் சிக்னல் இல்லாததால், மேட்டுப் பாதையில் மூச்சிரைக்க ஏறிப் போய்த் தகவல் சொன்ன தம்பிக்கு நன்றி. நாங்கள் ஆளாளுக்குச் சின்னவன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் பேசாம இருங்க, பாறையில எதிரொலிச்சு எந்தப் பக்கம்னே தெரியல" என்று எல்லோரையும் அடக்கிய பெரியவருக்கு நன்றி. அந்த அமைதியில்தான் அவன் அழுகை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபட்டது. மீட்புக் குழுவினர், ஸ்ட்ரெச்சரைத் தோள் மாற்றிச் சுமந்தவர்கள், நடுங்கியவனுக்குத் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தியவர், மருத்துவர்கள், செவிலியர்கள், ராத்திரி முழுக்க எங்களோடு விழித்திருந்த உறவுகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன்.

அப்புறம், அம்மா, நீங்கள். உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. காலையில் பாதையில் பார்த்துச் சிரித்தோம், அவ்வளவுதான் பழக்கம். தலையில் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடி. பிள்ளைகள் உங்களுக்கு வைத்திருக்கும் பெயரே பூதக்கண்ணாடிப் பாட்டிதான்.

அந்த நேரத்தில் எல்லோர் முகமும் ஆற்றுப் பக்கம்தான் இருந்தது. என் மகளும் தங்கையின் இரண்டு பிள்ளைகளும் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்கு நினைவே இல்லை. ஆற்றுக்கு முதுகைக் காட்டி, அந்த மூன்று பேரையும் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் செய்ததெல்லாம் அப்புறம்தான், மருத்துவமனை வராந்தாவில், பிள்ளைகள் சொல்லச் சொல்ல எனக்குத் தெரிந்தது. முதலில் அவர்களைக் கரையில் உட்கார விடவில்லையாம். பாறைச் சுவரில் ஓர் உயரத்தில் காய்ந்த புல்லும் சுள்ளியும் வரிசையாகச் சிக்கியிருந்ததைக் காட்டி, "போன வெள்ளம் வந்து நின்ன இடம் அது. நாம அதுக்கும் மேல போய் உட்காரலாம்" என்று கூட்டிப் போனீர்களாம். ஆற்றுத் தண்ணீர் அப்போதே நிறம் மாறி, இலையும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கியிருந்தது. எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்துத்தான் கிடந்தது. மேலே எங்கோ மலையில் மழை பெய்ததற்குத் தண்ணீர் அப்படி மாறியதுதான் அடையாளம் என்பது எங்களுக்குப் பிறகு சொல்லித் தெரிந்தது. நீங்கள் பார்த்த உடனே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் இடம் மாற்றியும் விட்டீர்கள்.

அங்கே உட்கார்ந்த பிறகு அவர்களுக்கு வேலை கொடுத்தீர்கள். கல் பொறுக்கச் சொன்னீர்கள். கூர் மழுங்காத கல் பக்கத்துச் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது, வழவழப்பாக உருண்டிருப்பது வெகுதூரம் தண்ணீரில் உருண்டு வந்தது என்று இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொன்னீர்கள். பாறையில் ஒட்டியிருந்த தும்பியின் வெற்றுத் தோலைக் காட்டினீர்கள்: சிறகே இல்லாமல் தண்ணீருக்குள் வளர்ந்து, ஒருநாள் மேலே ஏறி வந்து முதுகைப் பிளந்துகொண்டு பறந்து போன தும்பி. அப்புறம் அந்தப் புழு. சுவரில் கசிந்து ஓடிய நீரில், தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணல் மணலாக ஒட்டிக் குழாய் கட்டி, அந்தக் குழாயையும் இழுத்துக்கொண்டு நடக்கும் புழு. பூதக்கண்ணாடியில் அது தலையை நீட்டியதை மூன்று பேரும் முறை வைத்துப் பார்த்தார்களாம்.

நடுவில் தங்கையின் சின்ன மகன் உங்களிடம் கேட்டிருக்கிறான், தம்பி செத்துப் போயிடுவானா என்று.

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால், அதெல்லாம் ஒண்ணும் ஆகாது என்று வாயை அடைத்திருப்பேன். பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்வோம். நீங்கள் சொன்னது இது: "எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா அங்க நிக்கிற அத்தனை பேரும் அவனுக்காகத்தான் நிக்கிறாங்க. அவங்க நம்மளத் தேடி வராம இங்க பத்திரமா உட்கார்ந்திருக்கிறதுதான் நம்ம வேலை."

மகள் இதை எத்தனை தடவை திருப்பிச் சொல்லிவிட்டாள் என்று கணக்கில்லை. தானும் ஒரு வேலை செய்தாள் என்று நம்புகிறாள். நம்பட்டும், அது உண்மையும்தானே. அந்த நாளைப் பற்றிக் கேட்டால் முதலில் புழுவைத்தான் சொல்கிறாள். நாங்கள் பெரியவர்கள்தான் இன்னும் ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்திருக்கிறோம்.

இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அக்கறையில் சொல்வது, தலையாட்டிக்கொள்கிறேன். ஆனால் போவோம். மழைக்காலம் முடிந்து, ஆறு இளைத்துத் தெளிந்து, சின்னவன் கால் தேறிய பிறகு போவோம். மேலே மலையில் வானிலை எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம். ஆளுக்கொரு விசில் வாங்கியாகிவிட்டது. மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். வழி தவறினால் நடக்காதே, நின்ற இடத்திலேயே நின்று ஊது. இதை வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்கிறார்கள். அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்கும் முன்கூட்டியே நன்றி.

சரி, கடைசியாக ஒரு விஷயம். உங்கள் பூதக்கண்ணாடி எங்களிடம்தான் இருக்கிறது. பதற்றத்தில் மகள் கழுத்திலேயே வந்துவிட்டது. அந்தப் புழு கூட்டை விட்டு எப்போது வெளியே வரும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். குழாயை மூடிக்கொண்டு உள்ளேயே கூட்டுப்புழுவாகி, பிறகு வெட்டிக்கொண்டு நீந்தி மேலே வந்து, சிறகு முளைத்த பூச்சியாகிப் பறக்கும் என்று படித்துச் சொன்னேன். பாட்டி சொன்னால்தான் நம்புவாளாம். கண்ணாடியையும் உங்கள் கையில்தான் கொடுப்பாளாம். இதைப் படிக்கிறவர்களில் உங்களைத் தெரிந்தவர் யாராவது இருந்தால், எங்கே வந்து பார்க்கலாம் என்று கேட்டுச் சொல்லட்டும். நால்வரையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.