மருந்துக்குக் கேட்காத காய்ச்சலும் ஒரு சொட்டு ரத்தமும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஆய்வகச் சாவியை ஒப்படைத்தேன். மலேரியாக் கிருமியின் மரபணுக்களைப் படிப்பதிலேயே 30 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இத்தனை காலமும் எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் நன்றி என்று இரண்டு வரி போடுவோம். அந்த இரண்டு வரியில் பெயர் வராதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் அம்மா. சென்னையில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு மலேரியா வந்தது. எங்கள் தெருவில் பாதி மொட்டைமாடித் தொட்டிகளுக்கு மூடி கிடையாது, கொசு அதில்தான் வளரும். குளோரோகுயின் மாத்திரையை அம்மா வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பார், அப்படியும் கசக்கும். சில நாளில் காய்ச்சல் விட்டது. எனக்கு வந்தது வைவாக்ஸ் வகை. அதற்கு அந்த மாத்திரை நம் நாட்டில் இன்றும் கேட்கிறது.

ஆளைக் கொல்லும் ஃபால்சிபாரம் அப்படியில்லை. குளோரோகுயினுக்குக் கேட்காத ஃபால்சிபாரம் இந்தியாவில் முதலில் தெரியவந்தது 1973-இல், அசாமின் கார்பி ஆங்லாங்கில். அதற்கான முக்கியக் காரணம் பிடிபட 2000 வரை ஆனது. 424 அமினோ அமிலங்கள் கோத்த, கிருமியின் ஒரு புரதத்தில் 76-ஆவது இடத்தில் லைசினுக்குப் பதில் திரியோனின் உட்கார்ந்திருந்தது. அப்படி மாறிய புரதம், கிருமியின் உணவுப் பையில் சேரும் மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. புரதத்தின் அந்த ஓர் இட மாற்றத்தைத் தேடித்தான் நானும் கார்பி ஆங்லாங் போனேன்.

அங்கே எனக்கு எல்லாமாக இருந்தவர் ஓர் ஆஷா பணியாளர், அதாவது கிராமச் சுகாதாரப் பணியாளர். அசாமிய மொழியில் அக்காவை பைதேவ் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். விரல் நுனியில் குத்தி, வரும் ரத்தத்தை வடிதாளில் வட்டமாக ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல்லோடு உறையில் போட வேண்டும். முதல் மழைக்காலத்தில் நான் அவசரப்பட்டேன். சரியாகக் காயாத தாள்களை மூடி வைத்துவிட்டேன். டெல்லியில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து பிரித்தால் பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஜெல்லின் நீல மணிகள் எல்லாம் ரோஸ் நிறத்துக்கு மாறிக் கிடந்தன. அத்தனை குழந்தைகளின் விரலில் வீணாகக் குத்தியிருக்கிறேனே என்று அன்று அழுதேன்.

மறுபடி போனபோது பைதேவ் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன் வீட்டில் கொசுவலையைக் கட்டி, அதற்குள் நூல்கொடி இழுத்து, தாள்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். ஈயும் உட்காராது, காற்றும் வரும். அந்தக் கொடியில் காய்ந்த தாள் ஒன்றுகூடக் கெடவில்லை.

ஒரு வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த ஓர் அம்மா கேட்டார்: “இதனால் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?” பொய் சொல்ல மனசு வரவில்லை. உடனே ஒன்றும் கிடைக்காது என்றேன். பைதேவ் மொழிபெயர்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, சீக்கிரம் குத்து, பால் குடிக்கிற நேரம்” என்று அந்தப் பிஞ்சு விரலை நீட்டினார்.

தாயே, உங்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தச் சொட்டுகளில் நாங்கள் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் என்ற மலேரியா மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றங்களையும் பார்த்தோம். அவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. அப்போது ஃபால்சிபாரத்துக்கான முக்கிய மருந்தான ஆர்ட்டிசுனேட்டுக்குத் துணையாகக் கொடுத்தது அந்த மருந்தைத்தான். துணை மருந்து கைவிட்டால் முழுப் பாரமும் ஆர்ட்டிசுனேட்டின் மேல் விழும். மேற்குக் கம்போடியாவில் அந்த வகை மருந்தே தடுமாறத் தொடங்கியிருந்த காலம் அது. வேறு பல குழுக்களும் இதையே கண்டு சொன்னார்கள். 2013-இல் வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின் என்று மருந்து மாற்றப்பட்டது. உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் இப்போது தரும் மாத்திரைக்குப் பின்னால் உங்கள் பிள்ளையின் ரத்தமும் இருக்கிறது.

அப்புறம் என் ஆய்வக உதவியாளர். கிருமிக்குத் தீபாவளியும் கிடையாது, பொங்கலும் கிடையாது, தினமும் ஊட்டத் திரவத்தை மாற்றியாக வேண்டும். கண்ணாடிச் சாடிக்குள் தட்டுகளை அடுக்கி, மெழுகுவத்தி ஏற்றி, மூடுவார். சுடர் சிறுத்து அணைகிற நொடியில் அடைப்பானைத் திருகுவார். உள்ளே ஆக்சிஜன் குறைந்தால்தான் கிருமி நன்றாக வளரும். மறுநாள் நுண்ணோக்கியில் சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் மாதிரி அது தெரிந்தால், என்னை விட அவருக்குத்தான் சந்தோஷம். அந்தக் கிருமிகளுக்கு வேண்டிய சிவப்பணுக்களைக் கொடுத்த ஓ பாசிட்டிவ் மாணவர்களுக்கும், சேற்றுப் பாதைகளில் வண்டி ஓட்டிய அண்ணனுக்கும், மழைக்காலம் தோறும் வீட்டில் நான் இல்லாததைப் பொறுத்துக்கொண்ட என் பிள்ளைகளுக்கும் என் நன்றி.

இந்த மடலை அசாமிய மொழியில் பெயர்க்கச் சொல்லி பைதேவுக்கு அனுப்பியிருக்கிறேன். வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டுவதாகச் சொன்னார்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் ஆய்வாளர்