தாடையை மாட்டத் தெரிந்தவர்களுக்குத் தத்துவம் தெரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பண்டைய எகிப்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிரமிடு, நைல் வெள்ளம், நாட்காட்டி எல்லாம் நன்றாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் எகிப்தியரிடம் இருந்தது கைவேலை அறிவு மட்டும்தான், யோசிக்கும் தத்துவம் கிரேக்கத்தில்தான் பிறந்தது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறாரே, அதை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. நான் அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டிலும் விபத்துப் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர். சரித்திரம் எனக்குப் பாடமல்ல. ஆனால் எகிப்தியர் விட்டுச்சென்ற ஒரு மருத்துவ ஏட்டை மொழிபெயர்ப்பில் ஆழ்ந்து படித்திருக்கிறேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்பது அதன் பெயர். 1862இல் எகிப்தின் லக்சரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கியது. 1930இல் எகிப்தியல் அறிஞர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இப்போது நியூயார்க் மருத்துவ அகாதமியில் இருக்கிறது. கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்டது. அதுவும் இன்னும் பழைய ஏடு ஒன்றின் பிரதி என்கிறார்கள். உள்ளே 48 கேஸ்கள். மண்டையில் தொடங்கி முகம், கழுத்து, தோள், மார்பு என்று இறங்கி, 48ஆவதில் முதுகெலும்புக்கு வந்த இடத்தில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது.

25ஆவது கேஸ், தாடை கழன்று வாயை மூட முடியாமல் வந்தவன். இரண்டு கட்டைவிரல்களையும் வாய்க்குள் விட்டுத் தாடை எலும்பின் முனைகளில் வை, மற்ற விரல்களை முகவாய்க்கு அடியில் கொடு, எலும்பு தன் இடத்தில் போய் விழும்படி செய் என்கிறது ஏடு. எங்கள் பிரிவில் டாக்டர் இதைச் செய்யும்போது நோயாளியின் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது என் வேலை. டாக்டர் கட்டைவிரல்களில் துணி சுற்றிக்கொள்வார், கடைவாயில் அமுக்குவார், டக்கென்று உள்ளே போகும். மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கை வைக்கும் முறை அப்படியே இன்றும் இருக்கிறது. காரை எலும்பு முறிவுக்கும் அப்படித்தான்: மல்லாக்கப் படுக்க வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே மடித்த துணியைக் கொடுத்து, இரண்டு தோளையும் விரித்து எலும்பைச் சேர்க்கச் சொல்கிறது.

சரி, இதெல்லாம் கைவேலைதானே என்று கட்டுரையாளர் கேட்கலாம். ஒவ்வொரு கேஸும் எழுதப்பட்டிருக்கும் ஒழுங்கைப் பாருங்கள். முதலில் காயம் என்னது என்று தலைப்பு. அடுத்து, தொட்டுத் தடவிப் பார்த்தால் என்ன தெரியும் என்ற பரிசோதனை. பிறகு முடிவு. அந்த முடிவு மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: 'நான் வைத்தியம் செய்யும் நோய்', 'நான் மல்லுக்கட்டும் நோய்', 'வைத்தியம் செய்வதற்கில்லாத நோய்'. தன் அறிவு எதுவரை செல்லும் என்பதை ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் நின்று சொல்லியாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். 'கைவிட்ட கேஸ்' என்று வீட்டாரிடம் சொல்ல இன்றைக்கும் எத்தனை பேர் தயங்குகிறோம்! அப்படிச் சொன்ன பிறகும் அந்த எகிப்திய வைத்தியர்கள் ஒதுங்கிப் போகவில்லை. ஆறாவது கேஸில் மண்டை உடைந்து மூளை வெளியே தெரிகிறது. உருக்கிய செம்பின் மேல் எழும் நெளிவுகள்போல மூளை இருக்கிறது, விரல் வைத்தால் குழந்தையின் உச்சிக்குழி துடிப்பதுபோலத் துடிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். முடிவு: வைத்தியம் செய்வதற்கில்லை. ஆனாலும் காயத்தில் கொழுப்பு தடவு, கட்டுப் போடாதே, அவன் நிலை என்ன ஆகிறது என்று தெரியும்வரை பார் என்று அடுத்த வரி வருகிறது. டாக்டர் கையை விரித்த பிறகு செவிலியருக்கு மிஞ்சியிருக்கும் வேலை அதுதான்.

எனக்கு மனதை விட்டு அகலாதது 20ஆவது கேஸ். பொட்டில் அடிபட்டவன். என்ன செய்கிறது என்று கேட்டால் பேசுவதில்லை. கண்களிலிருந்து நீர் கொட்டுகிறது. குழந்தையைப்போலப் புறங்கையால் துடைத்துக்கொள்கிறான். தான் துடைப்பது அவனுக்கே தெரியவில்லை. கடைசி வார்த்தைகளைக் கவனியுங்கள். கழுத்தெலும்பு விலகிய 31ஆவது கேஸிலும் இதே பார்வை: தனக்குக் கை கால் இருப்பதை அவன் அறியவில்லை, சிறுநீர் அவன் அறியாமலே சொட்டுகிறது. உடம்பு ஒன்றைச் செய்வது வேறு, மனிதன் அதை அறிவது வேறு என்று ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கிறார். இது தத்துவம் இல்லையென்றால் எது தத்துவம்?

சரி, அந்த 'அறிவது' எங்கே நடக்கிறது? இதயத்தில் என்பது எகிப்தியரின் உறுதியான எண்ணம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஷபாகா கல் என்று ஒன்று உண்டு. பூச்சி அரித்த பழைய ஏடு ஒன்றைக் கண்டு, அது அழியக்கூடாதென்று ஷபாகா என்ற மன்னன் கல்லில் வெட்டி வைத்ததாக அதிலேயே எழுதியிருக்கிறது. கண் பார்ப்பதும், காது கேட்பதும், மூக்கு சுவாசிப்பதும் இதயத்திடம் போய்ச் சேர்கின்றன; எல்லா அறிவும் இதயத்திலிருந்து வெளிப்படுகிறது; இதயம் நினைத்ததை நாக்கு சொல்கிறது என்கிறது அந்தக் கல். உலகத்தைத் தெய்வம் படைத்ததும் இதே வழியில்தான், இதயத்தால் நினைத்து நாக்கால் சொல்லி. மருத்துவ ஏட்டின் முதல் கேஸின் விளக்கக் குறிப்பும் இதோடு சேர்கிறது. தலையில், கையில், காலில் விரல் வைத்தால் அங்கெல்லாம் இதயம் நாளங்கள் வழியே பேசுகிறது என்று அது சொல்கிறது. நாங்கள் நாள்தோறும் பல்ஸ் பார்த்தது இதைத்தானே.

இங்கேதான் கட்டுரையாளர் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மண்டையில் அடிபட்டால் பேச்சு போகிறது, நடை கோணுகிறது என்று கண்ணால் கண்டு எழுதியவர்கள், சிந்தனை மூளையில் இருக்கலாம் என்ற பக்கம் போகவே இல்லை. பிணத்தைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கு வழியாக எடுத்து வீசினார்கள். இதயத்தை மட்டும் உடம்பிலேயே பத்திரமாக விட்டார்கள், மறு உலகில் தராசில் ஏறப்போவது அதுதான் என்பதால். வெறும் கைவேலைக்காரருக்கு இந்தப் பிசகு நேராது. மனிதன் என்றால் என்ன என்று ஆழமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவர்களுக்குத்தான் அந்த முடிவு கண்ணை மறைக்கும். ஆயிரத்து இருநூறு வருடத்துக்குமேல் கழித்துக் கிரேக்கத்தின் அரிஸ்டாட்டிலும் இதயமே உணர்வின் இடம் என்றுதான் சொன்னார். அதற்காக அவரைத் தத்துவவாதி இல்லை என்று யாரும் சொல்வதில்லையே. அப்புறம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஹெரோபிலஸ் என்ற கிரேக்க மருத்துவர் மனித உடலை அறுத்து, நரம்புகளைக் கண்டு, மூளைக்கு அந்த இடத்தைக் கொடுத்தார். எங்கே? எகிப்தின் அலெக்சாந்திரியாவில்.

மந்திரம் ஏட்டில் இல்லையா என்றால், இருக்கிறது. ஒன்பதாவது கேஸில் நெற்றி உடைந்தவனுக்குத் தீக்கோழி முட்டை ஓட்டை அரைத்துக் கொழுப்போடு கட்டி மந்திரம் சொல்லச் சொல்கிறது. ஏட்டின் பின்பக்கத்திலும் கொள்ளை நோய்க்கான மந்திரங்கள் இருக்கின்றன. நாடி பார்ப்பவர் யார் யார் என்று சொல்லும் வரியில் வைத்தியரோடு செக்மெட் தெய்வத்தின் பூசாரியும் சேர்ந்தே வருகிறார். ஆனால் 48 கேஸ்களில் மந்திரம் வருவது ஒன்றில்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நோயாளியைப் பரிசோதிப்பது என்றால் என்ன என்று அதே முதல் கேஸில் விளக்கம் இருக்கிறது: மரக்காலால் தானியம் அளப்பதுபோல, விரல்விட்டு எண்ணுவதுபோல, இதயத்தின் போக்கை அறிய மனிதனின் நோயை அளப்பது. இப்போது, செத்தவன் தெய்வங்கள் முன்னால் சொல்ல வேண்டிய வாக்குமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தானிய அளவையைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை, தராசின் எடையில் கை வைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு அவன் இதயம் தராசில் ஏறும். எதிர்த் தட்டில் மாஅத்தின் இறகு. உண்மை, நீதி, உலக ஒழுங்கு மூன்றும் சேர்ந்த தெய்வம் மாஅத். சரியாக அளப்பது அவர்களுக்கு வெறும் திறமை அல்ல. அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். என் பார்வையில், அந்த வைத்தியர் 'வைத்தியம் செய்வதற்கில்லை' என்று நேராக எழுதியதற்குப் பின்னால் இந்த எண்ணம்தான் இருக்கிறது. கி.மு. 1550 வாக்கில் அஹ்மோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த கணக்கு ஏடும், இருப்பவை எல்லாவற்றையும், எல்லா மறைபொருளையும் அறிவதற்கான சரியான கணக்கு என்றுதான் தொடங்குகிறது. உள்ளே இருப்பதோ பத்துப் பேருக்கு ரொட்டியைப் பங்கு போடுவதும், வட்ட வயலின் பரப்பைக் காண்பதும்.

இந்தத் தொடரின் அடுத்த பகுதி கிரேக்கத்தைப் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். மாணவர்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் பக்கம் அது. கிரேக்கத்துக்குப் போகும் முன், ஷபாகா கல்லையும் எட்வின் ஸ்மித் ஏட்டையும் பற்றி ஒரு அரைப் பக்கமாவது எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கணித அறிவு முதலில் எகிப்தில்தான் தோன்றியது, அங்கே பூசாரிகளுக்கு ஓய்வு இருந்தது என்று எழுதியவர் அரிஸ்டாட்டில்தான். அந்த வரியையும் சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
கரூர்.