ஆம்புலன்ஸுக்குள் யார் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமல் போகும் வண்டிக்காரர்களைத் திட்டி அடிக்கடி வாசகர் கடிதங்கள் வருகின்றன. திட்ட வேண்டியதுதான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194இ என்று ஒரு பிரிவையே இதற்காகச் சேர்த்தார்கள். வழிவிடாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நாம் ஒதுங்கி வழிவிடுகிற அந்த வண்டிக்குள் யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது என்பதைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. நான் கேஷுவாலிட்டியில் நர்ஸ். வண்டி வந்து நின்றதும் பின்கதவைத் திறக்கிற இடத்தில் நிற்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

கதவைத் திறந்தால் பல நேரம் உள்ளே இருப்பது நோயாளியும் அவருடைய மகனோ மனைவியோ மட்டும்தான். மாஸ்க்கை அந்த மகன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார், ஆக்சிஜன் வருகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. வண்டிகளில் வைக்கிற பி டைப் சிலிண்டரில் முழுதாக நிரப்பினால் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். மூச்சுத் திணறுகிறவருக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் வைத்தால் அது 100 நிமிடத்துக்கு வரும், சிலிண்டர் மீட்டரின் முள் பாதியில் நிற்கும்போது கிளம்பியிருந்தால் 50 நிமிடம்தான். இந்தக் கணக்கைக் கிளம்பும் முன் போட்டுப் பார்க்க வேண்டியவர் யார்? டிரைவர் முன்னால் இருக்கிறார், பார்வை சாலையில்தான் இருக்க வேண்டும். பின்னால் கணக்குத் தெரிந்த ஆள் இல்லை.

நடுவழியில் இதயம் நின்றுவிட்டால் இன்னும் மோசம். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். பயிற்சி பெற்றவருக்கே இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்கிறார்கள். டிரைவர் ஒருவரை மட்டும் வைத்து ஓடுகிற வண்டியில் இதில் எதுவும் நடக்காது. வேகமாகப் போவது ஒன்றுதான் அவரால் முடியும், போகிறார்.

108 வண்டிகளில் அவசர சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் இருக்கிறார், அதை மறைக்கக் கூடாது. 2005-இல் ஆந்திராவில் தொடங்கி 2008-இல் தமிழ்நாட்டுக்கும் வந்த அந்தச் சேவை எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நான் சொல்வது தனியார் வண்டிகளைப் பற்றி, அதிலும் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்து அனுப்பும்போது வருகிற வண்டிகளைப் பற்றி. நோயாளி மிக மோசமான நிலையில் இருப்பது அந்தப் பயணத்தில்தான்.

இதற்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. தெருவில் ஓடுகிற ஆட்டோவுக்குப் பெர்மிட் வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு, ஆம்புலன்ஸாக மட்டும் ஓடுகிற வண்டிக்கு போலீஸ் வண்டி, தீயணைப்பு வண்டியோடு சேர்த்து விலக்குக் கொடுக்கிறது. உயிர் காக்கிற வண்டியைப் பெர்மிட் காகிதத்துக்காக நிறுத்தி வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணமாகத்தான் இருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விலக்கைக் கொடுத்த சட்டம், பெர்மிட்டுக்குப் பதிலாக வேறு எந்தத் தகுதியையும் கேட்காமல் விட்டுவிட்டது. அப்புறம் வந்த ஏ.ஐ.எஸ். 125 என்ற தரநிர்ணயம் நல்ல விஷயம்தான். முதலுதவிக்கு வருகிற வண்டி, நோயாளியை ஏற்றிச் செல்ல மட்டுமான வண்டி, அடிப்படை உயிர்காப்பு வண்டி, உயர்நிலை உயிர்காப்பு வண்டி என்று நான்கு வகையாகப் பிரித்து, எதில் எவ்வளவு இடம், என்ன கருவி என்றெல்லாம் சொல்கிறது. ஆனால் அது வண்டிக்கான தரம். வண்டி புதிதாக வந்தபோது இருந்த, தொண்டையில் அடைக்கிற சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் மெஷின் மூன்று வருடம் கழித்து இழுக்கிறதா, மானிட்டரின் பேட்டரி நிற்கிறதா என்று மருத்துவம் தெரிந்த ஒருவர் வந்து சோதித்ததை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை. வண்டியை எடுத்து ஓட்டுகிற சேவைக்கென்று உரிமம் இல்லை என்பதுதான் என் பிரச்சினை.

எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதிலும் இதே கதைதான். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஸ்கேன் இல்லாத இடத்தில் கொண்டுவந்து இறக்கினால் நாங்கள் செய்யக்கூடியது ஒரு ஐ.வி. லைன் போட்டு மறுபடியும் வண்டி ஏற்றுவதுதான். தலையில் அடிபட்டவரை நியூரோ சர்ஜன் இல்லாத ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதும் அப்படித்தான். எந்த நோயாளியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று எழுதி வைத்த விதி இல்லாததால், தெரிந்த ஆஸ்பத்திரி, பக்கத்து ஆஸ்பத்திரி, சில சமயம் கமிஷன் தருகிற ஆஸ்பத்திரி என்று போகிறது.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை, கல்கத்தாவில் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியாகக் கொண்டுபோய், படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் பிழைத்தார். அந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, உரிய நேரத்தில் சிகிச்சை கொடுக்காதது உயிர் வாழும் உரிமையைத் தருகிற அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவை மீறுவது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்தால் இன்னும் இரண்டு விஷயம் இருக்கும். படுக்கை எங்கே காலி என்று உடனே தெரிகிற மையத் தகவல் ஏற்பாடு வேண்டும் என்பது ஒன்று. ஆம்புலன்ஸில் தேவையான கருவிகளும் மருத்துவப் பணியாளர்களும் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. 1996-இல் சொன்னது! இன்றைக்கும் நான் போன் போட்டு, 'சார், வென்டிலேட்டர் பெட் இருக்கா?' என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவில் 1960-களில் ஆம்புலன்ஸ் சேவையில் பாதிக்குப் பாதி இறுதிச் சடங்கு நடத்துகிற நிறுவனங்களின் கையில் இருந்தது, ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிற நீள வண்டி அவர்களிடம்தான் இருந்தது என்பதால். 1966-இல் அங்குள்ள தேசிய அறிவியல் கழகம் அதை அறிக்கையாக வெளியிட்ட பிறகு சட்டம், பயிற்சி, தரம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பிரிட்டனில் பதிவு செய்யாத ஒருவர் தன்னைப் பாராமெடிக் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். நம் நாட்டிலேயே குஜராத் 2007-இல் அவசர மருத்துவச் சேவைக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. 2021-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் அவசர மருத்துவ டெக்னாலஜிஸ்ட்டும் இருக்கிறார். படித்தவருக்குப் பதிவு கொடுக்க வழி இருக்கிறது, அவர் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது என்று சொல்லத்தான் விதி வேண்டும்.

இப்படி விதி போட்டால் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்து ஓட்டுகிறவர்கள் தொழிலை விட்டுவிடுவார்கள், கிராமத்துக்கு வண்டியே கிடைக்காது என்று சொல்வார்கள். நியாயமான பயம்தான். அதனால் எல்லா வண்டியும் ஐ.சி.யு. மாதிரி இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்கு டிரைவரும் ஸ்ட்ரெச்சரும் போதும். ஆனால் ஆக்சிஜனில் இருக்கிறவரையும் மூச்சுக்கு டியூப் போட்டவரையும் ஏற்ற வேண்டுமென்றால் பதிவு பெற்ற டெக்னீஷியன் இருந்தே ஆக வேண்டும், இதில் சலுகையே கூடாது. டிரைவர்கள் மேல் பழி போடவும் நான் வரவில்லை. இரவு பகலாக ஓட்டி, ரத்தத்தைக் கழுவி, அடுத்த அழைப்புக்குக் கிளம்புகிறவர்கள் அவர்கள். சேவைக்கு உரிமம் என்று வந்தால் அவர்களுக்கும் வேலை நேரம், ஓய்வு என்று ஒரு வரம்பு எழுத முடியும். கட்டணமும் அப்படித்தான். கொரோனா காலத்தில் ஆம்புலன்ஸ் கட்டணத்தை நியாயமாக நிர்ணயிக்கச் சொல்லி 2020-இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. எப்போதுமே கட்டணப் பட்டியல் இருந்திருந்தால் அதற்கு அவசியமே வந்திருக்காது.

தனிச் சட்டம் வர நாளாகும் என்றால் ஒன்றை மட்டும் உடனே செய்யலாம். வண்டியின் இரு பக்கமும் அது எந்த வகை ஆம்புலன்ஸ், உள்ளே டெக்னீஷியன் உண்டா இல்லையா என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதச் சொல்லலாம். ஸ்ட்ரெச்சரை ஏற்றும் முன் குடும்பத்தார் அதைப் படித்துவிட்டு வேறு வண்டி கேட்க ஒரு வாய்ப்பாவது இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்