ஒரே அறையில் இரண்டு மனைவிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் ஆப்பிரிக்கப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாட்டி அடங்கிக் கிடந்தாள், அம்மா முணுமுணுத்தாள், மகள் வெளியே வந்துவிட்டாள் என்று எல்லாக் கதைகளையும் மூன்று படியில் அடுக்கிவிட்டார் கட்டுரையாளர். சரி, ஆனால் நைஜீரியாவின் புச்சி எமெச்சேட்டாவையும் அந்தப் படியில் ஏற்றியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1979-ல் வந்த அவருடைய 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' (தாய்மையின் இன்பங்கள்) நாவலில் கதை தலைகீழாக அல்லவா போகிறது! இபுசா ஊரில் அம்மா ஓனா, தான் விரும்பிய அக்பாடியைக்கூடக் கட்டிக்கொள்ள மறுத்து அப்பா வீட்டிலேயே இருக்கிறாள். (அதுவும் முழு விடுதலை இல்லை, ஆண் பிள்ளை பிறந்தால் அவள் அப்பாவுக்கு வாரிசு என்று ஏற்பாடு.) அக்பாடிக்குப் பிறந்த மகளையாவது அவள் இஷ்டப்படி வாழ விடு என்று அவனிடம் கேட்டுக்கொண்டுதான் சாகிறாள். அந்த மகள் நு ஈகோ என்ன ஆகிறாள்? லாகோஸில் வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைப்பவனுக்கு மனைவியாகி, ஒற்றை அறையில் பிள்ளை மேல் பிள்ளை பெற்று, சிகரெட்டும் விறகும் விற்று வயிறு கழுவுகிறாள். ஊர்க்கட்டுப்பாடும் விடவில்லை, நகரத்துக் காசும் கைக்கு வரவில்லை, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கணவனின் அண்ணன் இறந்ததும், அண்ணன் மனைவியைத் தம்பி ஏற்கும் ஊர் வழக்கப்படி, அடாக்கு அதே அறைக்குச் சக்களத்தியாக வந்து சேர்கிறாள். அவளுக்கு இரண்டும் பெண். சண்டை வந்து பஞ்சாயத்துக்குப் போனால், நியாயம் அவள் பக்கம் இருந்தும், ஆண் பிள்ளை பெறாதவள் என்பதற்காக ஊர்க்காரர்கள் அவளைத்தான் கண்டிக்கிறார்கள். போதும் என்று கிளம்பிப்போய் வியாபாரம் செய்து மகள்களைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். கட்டுரையாளர் தேடும் 'மாறிய பெண்' அடுத்த தலைமுறை வரை காத்திருக்கவே இல்லை, அடுப்பைப் பங்கு போட்டவள்தான் அது.

படிப்பு வந்தால் எல்லாம் மாறும் என்கிறாரே, அதற்கும் 1988-ல் ஜிம்பாப்வேயின் சிட்சி டங்காரெம்ப்கா 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' நாவலில் பதில் எழுதிவிட்டார். கணவனைப் போலவே முதுகலைப் பட்டம் வாங்கிய மைகுரு, தன் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை.

அப்புறம் எமெச்சேட்டாவின் தலைப்பு. இன்னொரு நைஜீரிய எழுத்தாளர் ஃப்ளோரா ந்வாபாவின் 'எஃபுரு' (1966) நாவலின் கடைசி வரிகளிலிருந்து எடுத்தது அது. பிள்ளை பெற்ற இன்பத்தையே அறியாத ஏரித் தெய்வத்தைப் பெண்கள் ஏன் கும்பிடுகிறார்கள் என்று அங்கே ஒரு கேள்வி நிற்கும். எமெச்சேட்டாவின் நாவலிலோ, ஒரு மகன் அமெரிக்காவில், ஒருவன் கனடாவில் என்றிருக்க, நு ஈகோ தெருவோரம் தனியாகச் செத்துப்போகிறாள். பிள்ளைகள் வந்து தடபுடலாகக் காரியம் செய்து அவளுக்குக் கோயிலும் கட்டுகிறார்கள். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் கொடுப்பதே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி